முப்பத்தோராம் தேதித் தண்ணீர்

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் அவள் தம்பியும். காலேஜ் பையை மடியில் வைத்திருந்த தம்பி, "கணக்கு வராதவனுக்குத்தான் கம்ப்யூட்டரு. எல்லாத்தையும் அது பார்த்துக்கிரும்" என்றான்.

"பார்த்துச்சே. பங்குக் கிணத்துல அஞ்சு குடும்பத்துக்கும் தண்ணி முறையப் போன்ல சொல்ல புரோகிராம் எழுதுனியே, எப்படி எழுதுன?"

"தேதிக்கு ஒரு வரி. ஒண்ணாந்தேதி அப்பா, ரெண்டாந்தேதி சித்தப்பா. அப்படியே முப்பது வரி."

"அதைக் காலண்டர்ல எழுதி மோட்டார் ரூமுல ஒட்டியிருக்கலாம். முப்பத்தொண்ணுக்கு?"

"மறந்துட்டேன்."

"அன்னைக்கு ஒருத்தருக்கும் மெசேஜ் வரல. எல்லாரும் என் முறைன்னு மம்பட்டியோட வந்து நின்னாக. அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் பேசிக்கிறல."

"இப்பத்தான் முப்பத்தொண்ணுக்கும் அப்பா பேரைச் சேர்த்துட்டேன்ல."

"மறுநாள் ஒண்ணாந்தேதி. அதுவும் அப்பா. ரெண்டு நாளும் நமக்கே தண்ணின்னா சித்தப்பா சும்மா விடுவாகளா?"

அவன் காலேஜ் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினான்.

"ஆரம்பிச்ச நாள்லருந்து எண்ணி, அஞ்சால வகுத்து மீதியைப் பாரு. ஒண்ணு மீதின்னா அப்பா, ரெண்டுன்னா சித்தப்பா. எந்த மாசமா இருந்தா என்ன, ஒரே வரி. சின்னக் கிளாஸ் கணக்குடா."

ஊர் நெருங்கியது. தம்பி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

"சித்தப்பா நிக்கிறாக. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிருவோம்."

அக்கா எழுந்துகொண்டாள்.

"ஏலே, எறங்கு. கம்ப்யூட்டரு பார்த்துக்கிரும்."