உப்புமிட்டாயின் திருத்தங்கள்

டில்டே: இரு, குறுக்க பேசாத. இந்த விமர்சனத்தைக் கேளு. "பக்கம் தொண்ணூற்று நான்கு. தப்பு. ராட்டினத்திலிருந்து இறங்கியதும் அவன் வாந்தி எடுத்தது குப்பைத்தொட்டியில் அல்ல. அவளுடைய புதுப் பையில்."

விக்கா: கேட்டாச்சு. நேத்தும் இதையேதான் படிச்சுக் காட்டின.

டில்டே: நேத்து ஸ்கூல்ல வச்சுப் படிச்சேன், ஒழுங்கா சிரிக்க முடியல. இது அடுத்தது. "பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. தப்பு. அன்றைக்கு மழையே இல்லை. முத்தம் என்றால் மழை வேண்டும் என்று இந்த எழுத்தாளருக்கு யார் சொன்னது?" ஐயோ... வயிறு வலிக்குதுடி.

விக்கா: மெதுவா சிரி. எங்கம்மா மாடியில இருக்காங்க.

டில்டே: பாவம்டி உங்கம்மா. முதல் புத்தகம். பேரே எவ்வளவு அழகு, 'லீவாவின் முதல் நாற்பது பொய்கள்'. அதுக்குப் போய் ஒரே ஒரு ஸ்டார்! நானும் நெட்ல ஒரு புத்தகப் பக்கம் நடத்தறேன், எவ்வளவோ திட்டு பாத்திருக்கேன். 'போர்.' 'ஹீரோ ஒரு நனைஞ்ச சாக்ஸ்.' 'இதுக்கு மரம் வெட்டினாங்களா?' ஆனா ஒரு நாவலைப் பாத்து 'இது இப்படி நடக்கல'ன்னு சண்டைக்கு வந்த ஆளை இப்பத்தான் பாக்கறேன்.

விக்கா: யாராவது கிழவனா இருக்கும். ரிட்டயர்டு வாத்தியாரு. பொழுது போகல.

டில்டே: 'உப்புமிட்டாய்'னு பேர் வச்சுக்கிட்டா?

விக்கா: கிழவன் மிட்டாய் தின்னக் கூடாதா?

டில்டே: தின்னட்டும். ஆனா எந்தக் கிழவன்டி "பை பழுப்பு அல்ல, பச்சை. பழுப்பை யார் வாங்குவார்?"னு எழுதுவான்?

விக்கா: ரசனை உள்ள கிழவன்.

டில்டே: நம்ம வயசுப் பொண்ணுதான். எழுதி வச்சுக்கோ. இப்ப ஊரே இந்த விளையாட்டுதான் ஆடுது, பாத்தியா? ஆல்போர்க் ஊர்ல ஒருத்தி வேற ஒரு நாவலுக்குப் போட்டிருக்கா: "தப்பு. அந்த டிராகனுக்கு ரெண்டு தலை இல்லை. நான் அதுக்குப் பக்கத்து வீடு."

விக்கா: ம்.

டில்டே: இன்னொருத்தி: "தப்பு. அந்த இருள் இளவரசன் என்னோட பழைய ஆளு. அவனுக்கு வாள் என்ன, வெண்ணெய்க் கத்தியே பிடிக்கத் தெரியாது." இதுக்கு மட்டும் எத்தனை ஹார்ட்டு! ஏன்டி சிரிக்க மாட்டேங்கற?

விக்கா: எனக்குப் பல் வலி.

டில்டே: உனக்கு நாலு நாளா பல் வலி. சரியா உப்புமிட்டாய் எழுதின அன்னிலேருந்து.

விக்கா: ...தற்செயல்.

டில்டே: சரி. அஞ்சு மணிக்கு லைவ் வரேன்னு சொல்லியிருக்கேன். தலைப்பு: 'உப்புமிட்டாய் யாரு? டில்டே கண்டுபிடிச்சுட்டா!'

விக்கா: கண்டுபிடிச்சுட்டியா?

டில்டே: ஆளுங்க குவியறாங்கடி. பேப்பர் ரிப்போர்ட்டர் ஒருத்தன்கூட கமென்ட்ல வந்து 'காத்திருக்கிறேன்'னு போட்டிருக்கான். நிஜப் பேப்பர்!

விக்கா: கேட்டதுக்குப் பதில் சொல்லு. கண்டுபிடிச்சுட்டியா?

டில்டே: நீ ஏன் கத்தற?

பெனெடிக்டே: பொண்ணுங்களா! என்ன சத்தம்? ஓவன்ல பட்டை பன் இருக்கு, கருக விட்டுடாதீங்க!

விக்கா: பாக்கறோம்மா! நீ எழுது!

பெனெடிக்டே: எங்க எழுதறது... நான் கீழயே வந்துட்டேன். ஹலோ டில்டே கண்ணு.

டில்டே: ஹலோ பெனெடிக்டே. ரெண்டாவது புத்தகம் எப்படிப் போகுது?

பெனெடிக்டே: 'அத்தியாயம் ஒன்று'ன்னு எழுதியிருக்கேன். நல்லா இருக்கு. இங்க பாருங்க, நான் விமர்சனமே படிக்கிறதில்ல, உங்களுக்கே தெரியும்.

விக்கா: தெரியும்மா.

பெனெடிக்டே: ஒரு வரிகூடப் படிக்கல. ஆனா அந்தப் பை... பச்சைன்னா இன்னும் உயிரோட இருக்கும்னு தோணுது. இல்ல?

விக்கா: அம்மா!

பெனெடிக்டே: ரெண்டாவது பதிப்பு அச்சுக்குப் போகுது. எடிட்டர் கேட்டாரு, ஏதாவது திருத்தணுமா, இன்னிக்கே சொல்லுங்கன்னு. அந்த மிட்டாய் சொல்றது... மனசு வலிக்குது, ஆனா எல்லாம் சரின்னு படுது. அதான் கொடுமை. முகம் தெரியாத ஒரு ஆளுக்கு என் லீவாவை என்னைவிட நல்லாத் தெரியுது.

டில்டே: முகம் தெரியாத ஆளு... ஆமாம்.

பெனெடிக்டே: நான் மேல போறேன். பன்னு!

விக்கா: பாக்கறோம்மா!

டில்டே: ...போயிட்டாங்க.

விக்கா: நேத்து பாத்ரூம்ல ஷவரைத் தெறந்து விட்டுட்டு அழுதாங்க. தலை நனையாம வெளிய வந்தாங்க.

டில்டே: அப்ப ஏன்டி எழுதின?

விக்கா: என்ன?

டில்டே: பல்லைக் காட்டு. எந்தப் பல் வலிக்குது?

விக்கா: டில்டே...

டில்டே: பச்சைப் பை. சர்ச்ல உன் கன்ஃபர்மேஷன் சடங்குக்கு உங்க அத்தை குடுத்த பச்சைப் பை. மறுநாள் நீலத் திங்கள், ஊர்ல நம்ம வயசு மொத்தமும் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு கோபன்ஹேகன் ஓடுது. நீ உனக்குப் பிடிச்ச அந்த வால்டெமாரோட டிவோலி ராட்டினப் பார்க்குக்குப் போற. திரும்பி வரும்போது பை இல்ல. 'ட்ரெயின்ல மறந்துட்டேன்'னு வீட்ல சொன்ன. அதுல என்ன இருந்துச்சுன்னு உலகத்துல மூணு பேருக்குத்தான் தெரியும். வால்டெமாருக்கு வாக்கியம் எழுத வராது.

விக்கா: ...எப்பத்திலேருந்து தெரியும்?

டில்டே: முதல் வரியிலேருந்து. ஒரு நாவலைத் திருத்தற அளவுக்குக் கோபக்காரி எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான்.

விக்கா: தெரிஞ்சுமா லைவ் அறிவிச்ச? என்னை வித்து ஆள் சேக்கறியா?

டில்டே: நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்டி. நாலு நாளா உன் முன்னாடி படிச்சுக் காட்டறேன். நீ பல் வலிங்கற!

விக்கா: வேற என்ன சொல்றது? 'எழுத்தாளரின் மகளே ஒரு ஸ்டார் போட்டாள்'னு பேப்பர்ல வந்தா எங்கம்மா அப்புறம் தெருவுல நடப்பாங்களா? நான் ஏதோ ராத்திரி கோவத்துல டைப் அடிச்சேன், எட்டுப் பேர் படிப்பாங்கன்னு நினைச்சேன். டிராகனெல்லாம் வரும்னு யாரு கண்டா?

டில்டே: அப்படி என்னடி கோவம்?

விக்கா: என்ன கோவமா? வீட்ல நான் வாய் தெறந்து சொல்லாத விஷயம் டில்டே. என் முதல் முத்தம். அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அவன் வாந்தி. அதுக்கப்புறமும் நான் முத்தம் குடுத்தேன்ங்கற அவமானம். எல்லாம் கடையில அடுக்கி வச்சிருக்கு. கிளாஸ்ல பொண்ணுங்க அதுக்குக் கலர் கலரா ஒட்டுக் காகிதம் ஒட்டிப் படிக்கிறாங்க. சரி, தொலையட்டும்னு பாத்தா, அதையும் தப்புத் தப்பா எழுதியிருக்காங்க! என் மானம்தானே போகுது? ஒழுங்காவாவது போகட்டுமே!

டில்டே: அதுக்கு அம்மாகிட்ட நேராக் கேட்டிருக்கலாம்.

விக்கா: கேட்டா 'அப்ப நிஜமாவே நடந்துச்சா?'ம்பாங்க.

டில்டே: ...ஆமாம்ல.

விக்கா: இதுல ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. அம்மாவுக்கு இது எப்படித் தெரிஞ்சுது? நான் ஒரே ஒரு ஆளுகிட்டதானே...

பெனெடிக்டே: டில்டே! நல்ல வேளை, நீ இன்னும் போகல.

விக்கா: அம்மா, ஒரு நிமிஷம்...

பெனெடிக்டே: எடிட்டர் லைன்ல இருக்காரு. டில்டே, நீதானேம்மா அன்னிக்குக் கூடவே இருந்த? டக்குனு சொல்லு. பையா, குப்பைத்தொட்டியா?

டில்டே: நானா... அது வந்து...

விக்கா: சொல்லு டில்டே. நீதான் கூடவே இருந்தியாமே.

பெனெடிக்டே: ...ஓ.

விக்கா: என்னம்மா 'ஓ'?

பெனெடிக்டே: எனக்கு ஃபோன் வருது.

விக்கா: ஃபோன் உன் கையிலதான் இருக்கு.

பெனெடிக்டே: இன்னொரு ஃபோன். மேல. போறேன்.

டில்டே: பன் கருகுது.

விக்கா: கருகட்டும்.

டில்டே: புகை வருதுடி.

விக்கா: வரட்டும். எப்ப சொன்ன?

டில்டே: போன வருஷம். குளிர்காலம். நீ ஹேண்ட்பால் முடிச்சு வர லேட்டாகும். நான் இங்க உக்காந்திருப்பேன். உங்கம்மா பன் வைப்பாங்க. 'விக்கா என்கிட்ட பேசறதே இல்ல டில்டே, அவ நல்லா இருக்காளா?'ன்னு கேப்பாங்க.

விக்கா: நீ உடனே வாந்தி வரைக்கும் சொல்லிட்ட.

டில்டே: முதல்ல 'நல்லா இருக்கா'ன்னுதான் சொன்னேன். அப்புறம் கேட்டாங்க. அப்புறமும் கேட்டாங்க... விக்கா, எங்க வீட்ல யாரும் என்னை எதுவும் கேக்கறதில்லடி. சாப்பிட்டியான்னுகூட மெசேஜ்லதான் வரும். இவங்க கன்னத்துல கை வச்சுக்கிட்டு, 'அப்புறம்?'ங்கறாங்க. எனக்கு நிறுத்தத் தெரியல.

விக்கா: அது என் கதைடி.

டில்டே: தெரியும். எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அதான் உன்னுதை எடுத்துச் சொன்னேன். புத்தகமா வரும்னு சத்தியமாத் தெரியாது. வந்த அன்னிக்கு என் புத்தகப் பக்கத்துல அஞ்சு ஸ்டார் போட்டு வீடியோ எடுத்தேனே, அழுதேனே... அது பயத்துல அழுதது.

விக்கா: நல்லாத்தான் அழுத. நானே ஹார்ட் போட்டேன்.

டில்டே: திட்டேன். ஏதாவது திட்டு.

விக்கா: யோசிச்சுக்கிட்டு இருக்கேன். உனக்கு ஒரு ஸ்டார்கூட ஜாஸ்தி.

டில்டே: அஞ்சு மணிக்கு லைவ்ல நான்தான் உப்புமிட்டாய்னு சொல்லிடறேன்.

விக்கா: பைத்தியமா உனக்கு? அஞ்சு ஸ்டார் குடுத்தவளே ஒரு ஸ்டாரும் குடுத்தாளான்னு கிழிச்சுத் தொங்க விடுவாங்க. உன் பக்கமே போயிடும்.

டில்டே: போகட்டும். உங்கம்மா என்மேல கோவப்படட்டும். உன்மேல வேண்டாம்.

விக்கா: அதுவும் பொய்தானே. உனக்கு அது நல்லா வருது.

டில்டே: ...குத்தற.

விக்கா: நீ சொல்ல வேண்டாம். அஞ்சு மணிக்கு முன்னாடி நானே மேல போய் அம்மாகிட்ட சொல்றேன். நீ லைவ்ல வந்து பல் வலின்னு சொல்லிடு.

டில்டே: சரி... விக்கா, ஒண்ணு கேக்கவா? அடிக்க மாட்டியே?

விக்கா: கேட்டுட்டுப் பாரு.

டில்டே: உங்கம்மாகிட்ட நான் ஒரு பொய் சொன்னேன். அன்னிக்கு நானும் உன்கூட இருந்தேன்னு. அதை அப்படியே எழுதிட்டாங்க. புத்தகத்துல அந்தத் தோழி, ரூனா. அவளே லீவா மேல தெறிச்சதைக் குழாயடியில வச்சுக் கழுவி விடறா, ரோஸ்கில்டே ஸ்டேஷன் வர்ற வரைக்கும் ட்ரெயின்ல லீவா கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. நான் எங்கடி இருந்தேன்? நான் அந்த அமாலியே பொண்ணுங்க கூட்டத்தோட போயிட்டேன். உன்னை ஸ்டேஷன்ல பாத்தும் பாக்காத மாதிரி போனேன்.

விக்கா: தெரியும். நான் கை ஆட்டினேன்.

டில்டே: பாத்தேன்... நீ மழையைத் திருத்தின. பையோட நிறத்தைத் திருத்தின. புத்தகத்துலயே பெரிய பொய் அதுதான். அதை மட்டும் ஏன் விட்டுட்ட?

விக்கா: அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் நீ வந்த. திருத்தினா... மறுபடியும் வராமப் போயிடுவியேடி.