பின் சீட்டில் இடம் தாராளம்

என்னை ஏற்றிக்கொண்டு வந்த உங்கள் ஜீப்பில் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் போய்விட்டது, மேடம். மேலகரம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதே தெரிந்தது. டிரைவரிடம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவர் இஷ்டம். ஆனால் வண்டியைப் பற்றி ஒருவன் அக்கறையாக ஒன்று சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்தப் பண்பு எல்லோரிடமும் இருந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் பெயர், ஊர், பாவூர்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் மண்டி, மனைவி நிர்மலாதேவி, இறந்துபோன அவளுடைய அப்பா பரமசிவன் என்று எல்லாவற்றையும் உங்கள் ரைட்டர் ஒழுங்காக எழுதிக்கொண்டார். காரை மட்டும் ‘சிவப்பு நிற கார்’ என்று முடித்துவிட்டார். அது போதாது. காரைச் சரியாகச் சொல்லாவிட்டால் நான் செய்தது யாருக்கும் விளங்காது.

கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சின்னக் கார்தான், ஆனால் ஓட்டத்துக்கென்றே செய்தது. மேற்கூரை கறுப்பு. டர்போ எஞ்சின். ஸ்போர்ட் என்ற பொத்தானை அமுக்கினால் ஸ்டியரிங் கைக்குள் இறுகும். புளியரை மலைப்பாதை வளைவுகளில் மற்ற வண்டிகள் கர்ப்பிணி மாதிரி பார்த்துப் பார்த்துத் திரும்பும்போது இது பாதையைப் பிடித்துக்கொண்டு திரும்பும். முன் சீட்டுகள் இரண்டும் பந்தயக் கார் சீட்டுகளைப் போல உயரமாக, ஆளை இருபக்கமும் அணைத்துப் பிடிப்பவை. தலை சாய்க்கும் பகுதியும் சீட்டோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற முடியாது. பின் சீட்டிலும் அப்படித்தான்.

பின் சீட்டுக்கு வருகிறேன். சாதாரண உயரமுள்ள ஆட்கள் மூன்று பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் கொஞ்சம் அனுசரித்துப் போகிறவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமா அனுசரித்துப் போகிறவர் இல்லை. ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். நெடுநெடுவென்று உயரம். வலது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது, முழுதாக மடங்காது. அப்படிப்பட்டவர் முன்னால் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் உட்கார மாட்டார்.

“ஆபீசர் பின்னால, நான் முன்னாலன்னு காலம் பூரா ஓட்டியாச்சு மாப்ளே,” என்பார். “இனிமே எவன் ஓட்டுனாலும் பரமசிவன் பின்னாலதான்.”

கார் எடுத்த அன்று இலஞ்சிக் கோயிலில் பூஜை போட்டு, டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கி, முதல் சவாரி கிளம்பினோம். முன்னால் நானும் நிர்மலாவும். பின்னால் அவர். கோயில் வாசல் தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

“ஏட்டி நிர்மலா, என் முட்டியக் காணல. ஓன் சீட்டுக்குள்ள போயிட்டா பாரு.”

நிர்மலா சிரித்தாள். நானும் சிரித்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் நானும் சிரித்தேன்.

“இது காரு இல்ல மாப்ளே, சட்டை. ஏறக்கூடாது, போட்டுக்கிடணும்.”

பிறகு என் ஓட்டத்துக்கு வந்தார். நான் ஸ்போர்ட் பொத்தானை அமுக்கி ஒரு லாரியைத் தாண்டினேன். நல்ல சுத்தமான ஓவர்டேக். பின்னாலிருந்து குரல் வந்தது: “ஆக்சிலேட்டர மிதிக்கியளா, கரப்பான்பூச்சிய மிதிக்கியளா?”

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்னால் உட்கார்ந்தபடியே வீட்டிலிருக்கும் மகளுக்கு போன் போடுவார். “ஏட்டி, ஓன் புருசன் என்னயப் பெட்டியில வச்சு அடச்சுட்டாரு. ஆளக் கூட்டிட்டு வந்து எடு,” என்பார். அவள் ஸ்பீக்கரில் போடுவாள். பக்கத்து வீட்டு அம்மாள்வரை சிரிப்பார்கள். நாங்கள் இருவரும் காரில் எங்கே போனாலும் இது நடக்கும். நான் ஒன்றும் சொன்னதில்லை. மாமனார் கேலி பேசினால் மருமகன் தாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தக் கேலி வீட்டோடு நிற்கவில்லை. சந்தைக்கு வந்தது. ஒருநாள் காலையில் ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்து மண்டி முகம்மது சலீம், அத்தனை சுமையாட்களுக்கும் கேட்கும்படி கேட்டார்: “செல்வம், ஒங் கார்ல கத்திரிக்காய நிக்க வச்சுத்தான் ஏத்தணுமாமே? ஒங்க மாமா சொன்னாவ.”

அச்சன்புதூரில் மாமா வீட்டுக் கோயில் கொடைத் திருவிழா. சொந்தம் முழுக்க வந்திருந்தது. நான் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறேன். சின்னப் பிள்ளைகள் எல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி என்னைச் சுற்றி வந்தன. பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் வாயில் துண்டை வைத்துக்கொண்டார்கள். மாமா எழுந்து வந்து அந்தப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்.

அன்றைக்கு அவரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். கோபமாக இல்லை. “மாமா, ஒரே ஒரு தடவ, பின்னால இடம் இருக்குன்னு சொல்லிருங்க. போதும்.”

அவர் என் தோளில் கை போட்டார். “சொல்லலாம் மாப்ளே. வாய் இருக்கு. இடந்தான் இல்ல.”

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சந்தை விடுமுறை நாள். சித்திரை வெயில். குற்றாலம் போய் பரோட்டா சாப்பிட்டு வரலாம் என்று மாமாவைக் கூப்பிட்டேன். பரோட்டா என்றால் அவர் மறுப்புச் சொல்ல மாட்டார். கிளம்புவதற்கு முன்னால் பின் கதவுகள் இரண்டிலும் சைல்டு லாக்கைப் போட்டேன். கதவின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். சாவி முனையால் திருப்பிவிட்டால் அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் வண்டியில் ஒரு வசதி இருந்தால் அதையும் பயன்படுத்திப் பார்க்க வேண்டும்.

அருவியில் தண்ணீர் இல்லை. பாறை மட்டும் இருந்தது. சீசனில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் சண்டை போடும் மைதானத்தில் என் கார் ஒன்றுதான். ஓரத்தில் மரத்தடி இருந்தது. காக்கை எச்சம் பெயிண்டை அரித்துவிடும் என்பதால் அங்கே விடவில்லை. நடுவெயிலில், முகப்பைப் பாறைப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். பின் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தேன். வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது. அது சட்டப்படி தவறு. ஒப்புக்கொள்கிறேன். அபராதம் போடுங்கள்.

“நீங்க முட்டிய வச்சிக்கிட்டு எறங்க வேண்டாம் மாமா. பார்சல் வாங்கிட்டு வாரேன்.”

“ஏசியப் போட்டுட்டுப் போங்க மாப்ளே.”

“இந்தா, போனதும் வந்துருவேன்.”

சாவியை எடுத்துக்கொண்டேன். எஞ்சின் நின்றுவிட்டால் கண்ணாடி இறங்காது.

எதிரே ஒரே ஒரு பரோட்டாக் கடை திறந்திருந்தது. கிறிஸ்டி என்ற ஒருவர் நடத்துகிறார். காரைப் பார்த்தபடி இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பரோட்டாவும் சால்னாவும் சொன்னேன். இலை வந்தது. போனும் வந்தது.

“மாப்ளே, வேர்த்து ஊத்துது. கதவு தொறக்க மாட்டேங்கு.”

“முன்னால வாங்க மாமா. முன் கதவு உள்ளருந்தே தொறக்கும்.”

“எப்படி வர? முட்டி மடங்க மாட்டேங்கு. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலை போகுது, தோள் போக மாட்டேங்கு.”

“இடம் இருக்கு மாமா. சாஞ்சு வாங்க.”

“வெளையாடாதிய மாப்ளே. வாங்க.”

நான் விளையாடவில்லை, மேடம். இதுதான் நியாயமான பரீட்சை. பின் சீட்டில் இடம் இருக்கிறது என்பது என் கட்சி. இல்லை என்பது அவர் கட்சி. இருந்தால் அவர் முன்னால் வந்து கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடப் போகிறார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நான் அவரை நம்பவில்லை. என் காரை நம்பினேன்.

அடுத்து நிர்மலா கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டேதான் பேசினாள்.

“என்ன, அப்பா போன் பண்ணி அடச்சுப் போட்டுட்டாருங்காவ?”

“எப்பவும் உள்ள பாட்டுத்தான்.”

“குரலு ஒரு மாதிரி இருந்துச்சே.”

“நாளாக நாளாக நடிப்பு கூடுது. ஒனக்கு என்ன வாங்க?”

“எனக்கும் பரோட்டா சொல்லுங்க. சால்னா கூட வைக்கச் சொல்லுங்க.”

அவள் இப்போது அந்தச் சால்னாவைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறாளாம். உங்கள் பெண் காவலர் சொன்னார். அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவள் அப்பா எத்தனையோ தடவை சொன்ன பொய்யை அன்றைக்கும் பொய் என்று நினைத்தாள். அது அவர் பழக்கிவிட்டது.

போலீஸுக்கு ஏன் அவர் போன் செய்யவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் வெளியூர், அதனால் கேட்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைக் கேலி செய்யலாம். சந்தை சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம். ஆனால் மாப்பிள்ளை என்னைப் பூட்டிவிட்டான் என்று மூன்றாம் மனிதரிடம் புகார் சொல்ல மாட்டார்கள். மகள் வாழ வேண்டும் அல்லவா? அந்த விஷயத்தில் மாமா கடைசிவரை மரியாதை தெரிந்தவர். குறை சொல்ல முடியாது.

கிறிஸ்டி கல்லிலிருந்து பரோட்டாவை எடுத்துத் தட்டியபடி கேட்டார்: “அண்ணாச்சி, ஒங்க வண்டி லேசா ஆடுதே?”

“சஸ்பென்ஷன் இறுக்கம். சின்னக் காத்துக்குக்கூட ஆடும்.”

அது பொய். காற்றே இல்லை. ஆனால் சஸ்பென்ஷன் இறுக்கம் என்பது உண்மை. மாமா முழங்கையால் கண்ணாடியை இடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடி தரமானது. சத்தமும் வெளியே வரவில்லை. கதவு அடைத்தால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று விளம்பரத்தில் சொன்னார்கள். உள்சத்தம் வெளியே வராது என்பதையும் அவர்கள் சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் குறைந்தது. அப்போது கடைசி போன் வந்தது. குரலில் ஈரமே இல்லை.

“மாப்ளே.”

“சொல்லுங்க மாமா.”

“இடம் இருக்குய்யா.”

போனைக் காதோடு இன்னும் ஒட்டி வைத்தேன்.

“தாராளமா இருக்கு. கொடையில வேணும்னாலும் சொல்லுதேன். எல்லார்ட்டயும் சொல்லுதேன். தொறங்கய்யா.”

“நெசமாவா மாமா?”

“நெசமா.”

கார் எடுத்த நாளிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி எனக்கு வந்தது. அப்போதே எழுந்துவிடத்தான் நினைத்தேன். இலையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சோற்றை இலையில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் வீட்டுப் பழக்கம். கல்யாணமான புதிதில் அவரே எனக்குச் சொன்னது. சாப்பிட்டேன். கை கழுவினேன். நிர்மலாவுக்குப் பார்சல் கட்டச் சொல்லி, கட்டி முடியும்வரை நின்றேன். சால்னா கூட வைக்கச் சொன்னேன்.

பிறகு கதவைத் திறந்தேன். மாமா பின் சீட்டில் குறுக்காகப் படுத்திருந்தார். தலை அந்தக் கதவோரம், கால் இந்தக் கதவோரம். மடங்காத முட்டியும் ஒருவழியாக மடங்கியிருந்தது. அந்த உயரமான மனிதர் அதற்குள் படுத்திருந்தார், மேடம். அவர் காலுக்கும் கதவுக்கும் நடுவில் நான் கையை வைத்துப் பார்த்தேன். கை போனது.

ஆஸ்பத்திரிக்கு நானேதான் ஓட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஸ்போர்ட் பொத்தானை அமுக்கினேன். தென்காசிச் சாலை காலியாக இருந்தது. கார் எண்ணெய் மாதிரி போனது. கியர் விழுவது கைக்கே தெரியவில்லை. வளைவுகளில் பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவரை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகக் கார் ஓட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

போய்ச் சேர்ந்தபோது டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்படி நடந்தது என்று கேட்டார். சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். திருகைத் திருப்பியது நான். வெயிலில் நிறுத்தியது நான். சாவி என் பையில் இருந்தது. அவர் கூப்பிட்டது கேட்டது. அவர் சாகிறார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. வண்டி ஆடுவது நின்றபோது தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தி இதைச் சொல்ல வைக்கவில்லை என்று கீழே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நானும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இடம் தாராளம் என்று அவரே, தன் வாயால், சுயநினைவோடு சொன்னார்.

சந்தையில் எல்லாம் வாய்ப்பேச்சில் நடப்பதால் என் போனில் வரும் அழைப்புகள் தானாகவே பதிவாகும். போன் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. நிர்மலா இன்னும் அதைக் கேட்கவில்லை. ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள், மேடம். கேட்டுவிட்டால் அவளுக்கும் மனம் ஆறிவிடும்.