அட்டை கடிக்க மறுத்த கால்

ராசிபுரத்தில் ஏறிய இரண்டு நெசவாளர்கள், நாமக்கல் பஸ்ஸில் என் அருகே நின்றார்கள்.

“ஏனுங்க மாப்ள, கெட்ட ரத்தம் எடுக்க வைத்தியர் உட்ட அட்டையே உங்க காலைக் கடிக்க மாட்டேன்னுச்சாமே?” என்றார் மூத்தவர்.

“ஆமாங்க மச்சான். புண்ணு நாறுமேன்னு வாசனைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போனேன். அட்டை மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. வைத்தியர் வெறுந்தண்ணி ஊத்தித் தேச்சாரு. அப்பறம் கடிச்சுது பாருங்க, மஞ்சத்தூள் போட்டப்பறந்தான் உட்டுது.”

“கெட்ட ரத்தம் போயிருச்சா?”

“வீக்கமே வத்திருச்சுங்க. இனித் தறி மிதிக்க முடியாது, வித்துருங்கன்னீங்களே? நேத்து இதே காலால மிதிச்சு ஒரு சேலை நெஞ்சு முடிச்சு, தறியிலிருந்து அறுத்து எறக்கிட்டேன்.”

புதுச்சத்திரத்தில் ஓர் இடம் காலியானது.

“உக்காருங்க மாப்ள.”

“நீங்க உக்காருங்க. மாசக்கணக்கா ஊட்டுல உக்காந்தே கெடந்தேன். நாமக்கல் வரைக்கும் நின்னுக்கிட்டே வாரேன்.”