பார் என்றால் சாராயமா?

தலைமைப் பீடத்தில் வீற்றிருக்கும் பெரியவர் அருள்நாதன் அவர்களே! மில் சங்கு ஊதியதும் பிள்ளையை இடுப்பில் இடுக்கி வந்து மண்ணில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! துறைமுகத்தைத் தோளில் தாங்கும் தோழர்களே! வணக்கம்.

பூட்டிய படிப்பகத்தின் வாசலில் மேடை போட்டிருக்கிறோம். ஏன் பூட்டினார்கள்? கொலையா? கொள்ளையா? கலகமா? ஒரு சொல், ஐயா. ஒரே ஒரு சொல்!

நம் எத்திராஜ் மகள் புஷ்பவல்லி, கல்லூரியில் பௌதிகம் படிப்பவள், விண்ணைப் பற்றி இங்கே பேச இசைந்தாள். ‘பார் உள்ள சுருள் அண்டம், அனைவரும் வருக’ என்று சுவரொட்டி எழுதினாள். மதுவிலக்கு பார்க்கும் அதிகாரி ஒருவர் அதைப் படித்தார். பார்! சாராயக் கடை என்று முடிவு கட்ட அது போதாதா? படிப்பகத்தைப் பூட்டினார். எத்திராஜ் வீட்டில் புகுந்தார். அரிசிப் பானையைக் கவிழ்த்தார். குழம்புச் சட்டியை மோந்து பார்த்தார். சிரிக்காதீர்கள் அம்மா, அந்தக் குழம்பு தெருவில் கொட்டிக் கிடந்தது.

துறைமுகத்தில் பார் என்றால் என்ன? நீண்ட இரும்புத் தண்டு. அதைச் சுமந்து தோள் காய்த்தவர் எத்திராஜ். அப்பன் தோளில் இருந்த சொல்லை மகள் ஆகாயத்தில் ஏற்றினாள். குற்றமா? பார் என்றால் உலகம் என்கிறது தமிழ். பார் என்றால் கண்திறந்து நோக்கு என்கிறது தமிழ். நம் கொருக்குப்பேட்டைக்காரன் சொன்னால் மட்டும் பார் சாராயமா? இதே சுவரொட்டி மயிலாப்பூரில் இருந்தால் பானை கவிழ்ந்திருக்குமா?

அவள் சொல்ல இருந்தது என்ன? பத்தாயிரம் கோடி விண்மீன்கள் கூடிச் சுழலும் கூட்டம் ஒன்று. அதன் நடுவே குறுக்காக, விண்மீன்களே நெருங்கி நின்று ஆன தண்டு. தண்டின் இரு முனையிலும் இரு கைகள் கிளம்பி வளைந்து சுற்றுகின்றன. நடுவில் மூத்த மீன்களின் மஞ்சள் ஒளி. கைகளில் தூசும் வாயுவும் திரண்டு, புதிதாய்ப் பிறந்த மீன்களின் நீல ஒளி. அந்த ஒளி நம்மிடம் வந்து சேரக் கோடிக்கணக்கான ஆண்டுகள். கோடி ஆண்டு நடந்து வந்த வெளிச்சத்துக்கு நம் பேட்டைக்குள் நுழைய அனுமதி இல்லையாம்!

என் வயிறு எரிவது பானைக்காக அல்ல. மானம் போயிற்று, இனிப் படிப்பு வேண்டாம் என்று எத்திராஜ் மகளை வீட்டில் நிறுத்திவிட்டார். எத்திராஜ் அண்ணே, பின்னால் தலை குனிந்து நிற்கிறீர்களே, குனிய வேண்டியவர் நீங்களா? கவிழ்த்தவன் நிமிர்ந்து நடக்கிறான், கவிழ்க்கப்பட்டவன் குனிவதா?

வழி விடுங்கள், எத்திராஜ் அண்ணன் மகளோடு வருகிறார். ஒலிபெருக்கி வேண்டாமாம். அவர் சொல்வதை அப்படியே சொல்கிறேன்: “பாப்பா நாளைக்குக் காலேஜி போவும். இப்போ இன்னா பேசணுமோ பேசட்டும். எவன் வர்றானோ வரட்டும், நான் இங்கதான் குந்திகினு கீறேன்.”

இதற்கு மேல் நான் பேசக்கூடாது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. மேடை ஏறு, புஷ்பவல்லி. உனக்கும் என் வணக்கம்.