கொதிகலன் அறைக் குறிப்பேடு

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம். விசாரணை அதிகாரியாக வந்திருக்கிறீர்கள், நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்வதில் அடித்துத் திருத்த எதுவும் இருக்காது.

பதினேழு வருஷமாக இந்தக் கலைக்களஞ்சியத்துக்கு வரும் கட்டுரைகளைச் சரிபார்க்கிறேன். பெங்களூரில் இப்போது கம்ப்யூட்டரைத் தட்டத் தெரிந்தவர்களெல்லாம் எழுத்தாளர்கள். அவர்கள் கொட்டுவதைக் கூட்டிப் பெருக்குவது என் வேலை. ஆதாரத்தின் அசல் என் மேஜைக்கு வராமல் ஒரு வரியும் அச்சேறாது. வாய்வார்த்தை செல்லவே செல்லாது.

உஷா இங்கே டைப்பிஸ்ட். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். 'ஜலவீர்' போர்க்கப்பலைப் பற்றி நான் சரிபார்த்துக் கொடுத்த கட்டுரையைத் தட்டச்சு செய்தவள், திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சார், பீரங்கி ஆறு இல்ல, நாலு. நீங்க குடுத்த புக்லயே அப்டித்தான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். யானைக்கும் அடிசறுக்கும் என்று மேனேஜர் சேஷகிரி எனக்குச் சமாதானம் சொன்னார். யானை சறுக்குவதை வேடிக்கை பார்க்க எலிகளை யார் கூப்பிட்டது?

மறுவாரம் அவளே என்னிடம் வந்தாள். 1968-இல் அந்தக் கப்பல் தீப்பிடித்தபோது கொதிகலன் அறையை விட்டு ஓடியதாகக் கட்டுரை சொல்லும் மாலுமி அவளுடைய அப்பாவாம். கருகிக் கிடந்தவர்களில் அவர் யார் என்றுகூட அடையாளம் தெரியவில்லையாம். 'ஓடிப்போனவன் பெண்டாட்டி' என்ற பெயரோடு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்த அம்மா மரகதம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம்.

"அம்மா கண்ணு மூடறதுக்குள்ள அந்த ஒரு வரி மாறிட்டா போதும் சார்."

"ஆதாரம்?" என்றேன்.

மஞ்சள் துணியில் சுற்றி, ஓரம் கருகிய ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். கால் மணிக்கு ஒருமுறை நீராவி அழுத்தத்தைக் குறித்து வைக்கும் நோட்டு. தீ அணைந்தபின் அந்த அறையில் அதைக் கண்டெடுத்த சக மாலுமி வீட்டில் சேர்த்தாராம். அதை வாங்கிப் பார்த்தவர் இதுவரை யாருமில்லையாம்.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா சார்?"

"பழைய மைம்மா. மெஷின் வெளிச்சம் பட்டா அழிஞ்சிடும்."

அப்படியெல்லாம் அழியாது. ஆனால் அவள் நம்பினாள். படிப்பில்லாதவர்களிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அது.

நான்கு நாள் உட்கார்ந்து சரிபார்த்தேன். கடமை தவறியவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. அவர் ஓடியதாகப் புத்தகம் சொல்வது மதியம் இரண்டே காலுக்கு. நோட்டில் இரண்டரைக்கு அவர் கையெழுத்தோடு குறிப்பு இருக்கிறது. இரண்டே முக்காலுக்கும் இருக்கிறது. மூன்று மணிக்கு எண் மட்டும் இருக்கிறது, பக்கத்தில் போட்ட கையெழுத்து பாதியில் நிற்கிறது. தாளும் மையும் அசல். அந்த மனிதர் ஓடவில்லை.

ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டாவது திருத்தம், அதுவும் அவள் கையால் என்றால், நாளைக்கு என் நாற்காலியில் யார் உட்காருவார்கள்?

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில், வேண்டாத காகிதங்களை நறுக்கித் தள்ளும் ஆபீஸ் மெஷினில் அந்த நோட்டைப் போட்டேன். ஒரு தடவைக்கு ஐந்து தாள்தான் எடுக்கும். நான் அவசரப்படவில்லை. பிறகு கட்டுரையின் ஓரத்தில் 'ஆதாரம் இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது அது உண்மையாகத்தான் இருந்தது. மஞ்சள் துணியை மடித்து உஷாவிடமே கொடுத்துவிட்டேன். அடுத்தவர் பொருள் எனக்கு எதற்கு?

மரகதம் ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டாள் என்கிறீர்கள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

கேட்டீர்கள், சொன்னேன். ஆனால் நான் சொன்னதற்கு என் வாயைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. நீங்கள் எழுதிய இந்த வாக்குமூலம் என் மேஜைக்கு வந்திருந்தால் முழுவதையும் அடித்திருப்பேன்.