செக்ரட்டரியின் பக்கத்து இடம்

சிராங்கூன் ரோட்டு டிராமில், எனக்கு முன் பெஞ்சில் ஒரு பெரிய முதுகு. குஸ்தியில் பட்டம் வாங்கி, இப்போது குஸ்திச் சங்கத்துக்குச் செக்ரட்டரியாக இருப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. கூட இருந்த காதர் அவரிடம் முன்பு தோற்ற பயில்வான்; பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"என் மேல ஒரு மனுஷன் கை பட்டு எவ்வளவு காலமாச்சு தெரியுமா, காதர்?" என்றார் செக்ரட்டரி.

"என்னங்க இது! ஊரே உங்களுக்குச் சலாம் போடுதே."

"தூர நின்னுல்ல போடுறாங்க. கோதாவில நீ என் கழுத்தைப் புடிச்சு அமுக்குவியே, மூச்சு முட்டும். ஆனா தனியா இருக்கேன்னு ஒருநாளும் தோணினதில்ல."

"அதெல்லாம் அந்தக் காலங்க."

"இப்ப எண்ணெய் தேச்சு விடக்கூட பசங்க வர்றதில்ல. நாற்காலியைத் துடைச்சுப் போட்டுட்டு ஒதுங்கிடுறாங்க. சாயங்காலம் கோதாவுக்கு வா. சும்மா ஒரு புடி."

"செக்ரட்டரி மேல கை வைக்கிறதா? மரியாதையா இருக்குமாங்க?"

காதர் இறங்கும் இடம் வந்தது. செக்ரட்டரி கையை நீட்டினார். காதர் சற்றுப் பின்வாங்கி, குனிந்து சலாம் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அங்கே ஏறியவர்களும் செக்ரட்டரியைக் கண்டு கும்பிட்டார்கள். பக்கத்து இடம் காலியாகக் கிடக்க, கடைசிவரை நின்றுகொண்டே வந்தார்கள்.