கடைசி இரண்டு அடி

மேசையில் நான் தாளம் போடுவது தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள் சார், நிறுத்திக்கொள்கிறேன். விரல் சும்மா இருக்காது. பள்ளிக்கூட பெஞ்சில் ஆரம்பித்து கப்பல், ஹோட்டல், கிளப் என்று தட்டியே பிழைத்துவிட்டேன். ஜாஸ் டிரம்மருக்குப் பெண் கொடுக்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. எனக்கென்று இருப்பது ஒரே தங்கை. அவள் வீட்டுக்காரர்தான் எங்கள் குழுவின் தலைவர், ட்ரம்பெட்காரர். தங்கமான மனுஷன். மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததே நான்தான்.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வாசிக்கலாம், வேகமான பாட்டு மட்டும் கூடவே கூடாது என்றார் டாக்டர். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, மேடை ஏறினா அவருக்குத் தலைகால் புரியாது. வேகம் உன் கையிலதானே இருக்கு? நீ பாத்துக்கோ. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

பார்த்துக்கொண்டேன். எல்லாப் பாட்டையும் நடை பழகும் குழந்தை மாதிரி கூட்டிப்போனேன்.

சனிக்கிழமை மேடை ஏறும் முன் மாப்பிள்ளை என் தோளில் கை போட்டார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கை தளர்ந்துபோச்சு, பாட்டெல்லாம் இழுக்குது. அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆள் பாத்திருக்கேன்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. யாருக்காக இழுக்கிறது என்று சொல்லியிருக்கலாம். தங்கைக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே, சொல்லவில்லை.

கடைசிப் பாட்டை என் பழைய வேகத்தில் எடுத்தேன். அடடா, என்ன சுகம் சார் அது. கூட்டமே எழுந்து நின்றுவிட்டது. எங்கள் குழுவில் ஒரு பழக்கம், மாப்பிள்ளை வைத்ததுதான்: டிரம்மர் பெரிய சிம்பல் தட்டில் இரண்டு அடி கொடுத்தால்தான் பாட்டு முடியும். அதுவரை யாரும் நிறுத்தக் கூடாது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. முடியுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. இன்னொரு சுற்று போனேன். மறுபடி பார்த்தார். இன்னொரு சுற்று. அப்புறம் அவர் பார்க்கவில்லை.

ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்திருக்கலாமே என்பீர்கள். செத்தாலும் எடுக்க மாட்டார், ரோஷக்காரர். அது தெரிந்துதான் வாசித்தேன். என் கை தளரவில்லை என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். கொஞ்ச நாள் கோபம் இருக்கத்தான் செய்யும். இங்கே ஸ்டேஷனில் வேலை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குத்தான் போகப்போகிறேன். பாவம், இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?